கழுவாத எல்டர்ப்பூ

நான்காவது பூச்சியும் மேலே மிதந்து வந்தபோது ஏகோனுக்கு வியர்த்துக் கொட்டியது.

தப்பு அவனுடையதுதான், நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நுரைக்கிற ஒயினில், எல்டர் மரத்தின் வெள்ளைப் பூவில் காய்ச்சிய பாகை ஊற்றி, மேலே ஒரு கொத்துப் புதுப்பூ வைத்தான். அதுவரை சரி. பறித்த பூவை ஒரு உதறு உதற மறந்துவிட்டான்.

வெளியே தோட்டத்தில் அவன் காதலி ஸீட்டாவின் அப்பா ஆல்பினும் அம்மா வால்புர்காவும் காத்திருந்தார்கள். எல்டர் மரத்தைக் கண்டால், அந்தக் காலத்து வழக்கப்படி, இன்றைக்கும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றுகிற மனிதர் ஆல்பின். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம். அவர் மெச்சட்டும் என்று ஏகோன் புதர் மாதிரி மீசை வேறு வளர்த்திருந்தான்.

"வடிகட்டித் தொலையேன்!" என்றாள் சமையலறையில் பக்கத்தில் நின்ற ஸீட்டா.

"நுரை போயிடும். அப்புறம் உங்கப்பா என்னை உசுரோட விடுவாரா?"

புதினா இலை போட்டு மறைத்தான். பூச்சிகள் இலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஐஸ் போட்டான். ஒன்று ஐஸ்கட்டிமேல் உலாவவே ஆரம்பித்தது.

"என்னப்பா, இப்பத்தான் திராட்சையே நடறியா?" என்று ஆல்பின் குரல் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரே நம்பிக்கைதான் மிச்சம். கிளாஸோடு கிளாஸ் இடிக்கும்போது கண்ணோடு கண் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் ஏழு வருஷத்துக்கு உருப்பட முடியாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. கண்ணைப் பார்க்கிறவர் கிளாஸைப் பார்க்க மாட்டார்.

"உங்க ஆரோக்கியத்துக்கு!" என்று கண்கொட்டாமல் பார்த்தான். அவர் வாயருகே கொண்டுபோவதற்குள் மறுபடி இடித்தான். "அத்தை ஆரோக்கியத்துக்கு! உங்க மாடுங்க ஆரோக்கியத்துக்கு!"

"ஏம்ப்பா இப்படி முழிக்கிற? பயமா இருக்கு."

கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பைக்குள் குனிந்தார் ஆல்பின். அந்த நொடியில் ஏகோன் அவர் கிளாஸை எடுத்து, மேலே இருந்த நுரையைப் பூச்சிகளோடு ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டுத் திரும்ப வைத்தான்.

ஆல்பின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"பூவைக் கழுவியிருக்க!"

"ஐயோ, சத்தியமா இல்லீங்க!"

"கழுவாத பூவுல பூச்சி ஒண்ணாவது இருக்குமே? மகரந்தத்துலதான்யா வாசனையே! அதைத் தண்ணியில விடறவனுக்கு என் பொண்ணையா குடுப்பேன்? வால்புர்கா, கிளம்பு!"

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஏகோனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதுவரை கேக் தின்றுகொண்டிருந்த வால்புர்கா நிமிர்ந்து ஏகோனைப் பார்த்தாள்.

"உக்காருங்க. மாப்பிள்ளை மீசையில ஒண்ணு நடக்குது பாருங்க."