தீர்த்தத்துக்குத் தேதி ஒட்டியவன்

பழைய தண்ணீரை நான் நம்புவதில்லை. என் பிழைப்பு அப்படி. மாத்திரைத் தொழிற்சாலையில், மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு நான் பொறுப்பு. அதற்குள் ஓடவிடும் உப்புக்கரைசலுக்கு பஃபர் என்று பெயர். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான் போதிய அளவு கலந்திருந்தால் கூடுதல் நாள் தாங்கும். வெறும் பஃபர் இரண்டு மூன்று நாளிலேயே கிருமி பிடித்துக் கருவியை அடைத்துவிடும். பழையதன் மேல் புதியதை ஊற்றுவது பெரும் பாவம். கொட்டு, அலசு, நிரப்பு, தேதி ஒட்டு: நான் அறிந்த வேதம் இதுதான்.

அதை வீட்டிலும் பரப்பினேன். தோசை மாவுக்குத் தேதி, மோருக்குத் தேதி. ("என்னத் தவிர எல்லாத்துக்கும் ஒட்டியாச்சு" என்பாள் என் மனைவி மேரி.)

என் மகள் ஜெசிந்தாவைப் பெண் பார்க்க, அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முந்தைய இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்கே பிடித்திருந்தது. அதனால் காலையிலிருந்தே எனக்குப் பதற்றம். பதறினால் நான் எதையாவது கழுவுவேன்.

பையனின் அம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் பச்சைப் படலம். கழுத்தில் நீல நூல். (நூல் எதற்கு என்று யோசித்திருக்கலாம்.) வழிக்குக் கொண்டுவந்த தண்ணீர் போல, பாவம் என்று, யாரும் கவனிக்காத நேரத்தில் பின்பக்கம் எடுத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். நன்றாக அலசி, ஃபில்டர் தண்ணீர் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பதற்றம் தணிந்தது.

காபி முடிந்ததும் அந்தம்மா எழுந்தார்.

"இப்டி வாம்மா. இது எங்க மாமியா காலத்துத் தீர்த்தம். சாமியாரு மந்திரிச்சது. எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு இதுலதான் சிலுவ போடுவோம்."

பாட்டிலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"மாதாவே! தண்ணி தெளிஞ்சிருக்குது பாருங்க! பாசியே இல்ல!"

பையனின் பெரியம்மா முழந்தாளிட்டார். மேரியும் முழந்தாளிட்டாள். நானும் மெல்ல முழந்தாளிட்டேன். ஓர் அற்புதத்தைக் கெடுக்க நான் யார்? ஆனால் பையன் பாட்டிலைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டை உரக்கப் படித்தான்.

"நிரப்பியது இன்று. மூன்றாம் நாள் கொட்டவும்." நிமிர்ந்தான். "கையெழுத்து வேற போட்டிருக்குது."

(ஒட்டியது நினைவே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.)

"நைனா!" என்றாள் ஜெசிந்தா. அழுகைக்கு இன்னும் ஒரு சொல்தான் பாக்கி.

"இன்னாங்க பண்ணீங்க?" என்றார் அந்தம்மா.

"கெட்டுப்போச்சுன்னு... கறிவேப்பிலச் செடிக்கு..."

"தீர்த்தம் கெடுமாய்யா?"

அதற்கான ஆய்வு முடிவு என்னிடம் இல்லை.

அவர் விறுவிறுவென்று பின்பக்கம் போனார். எல்லோரும் பின்னால் ஓடினோம். செடியின் அடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கொத்தை ஒடித்தார்.

"குடிச்சது இதுதான? அப்ப தீர்த்தம் இதுக்குள்ளதான் இருக்குது."

கறிவேப்பிலைக் கொத்தால் என் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். ஜெசிந்தா தாளித்த ரசம் போல மணந்தாள்.

கல்யாணம் நடந்தது. அந்தச் செடியின் கன்று ஒன்றும் அவலூர்பேட்டைக்குப் போனது. இன்றும் அங்கே நான் சாப்பிட உட்கார்ந்தால், சம்பந்தியம்மா என் தட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இன்னா சம்பந்தி, கறிவேப்பிலய ஒதுக்குறீங்க?"

"இன்னும் தேதி முடியல மாமா" என்பார் மாப்பிள்ளை.

நான் மென்று விழுங்குவேன்.