முழங்காலும் கால் முழமும்

ஜாலான் புசார்,
மழைக்காலம், 1984

அருமை மருமகன் அஸ்மத்துக்கு, மாமா காதர் மைதீன் ஸலாம் கூறி எழுதுவது. நானும் உன் மாமி நஃபீசாவும் அல்லாஹ் கிருபையால் நலம். கடையிலிருந்த சிமெண்டு மட்டும் நலமில்லை, மூட்டையோடு பாறையாகிவிட்டது. உன் உம்மா ருக்கையாவுக்கு என் ஸலாம்.

நிற்க. நிற்பது முழங்கால் தண்ணீரில்.

தீவில் எந்தத் தெருவில் எவ்வளவு வெள்ளம் ஏறுகிறது என்று கம்ப்யூட்டரில் சேர்க்கும் வேலை உனக்குக் கிடைத்தபோது, தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். "வெள்ளம் வந்தா எழுதிப் போடுங்க மாமா, நான் ஏத்திடுறேன், கால்வாய அகலமாக்கிடுவாங்க" என்று நீதானே சொன்னாய்? ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உனக்குத் தபாலட்டை போட்டேன். 'முழங்கால் தண்ணீர்' என்று நல்ல தமிழில் எழுதினேன். அதுதான் நான் செய்த தப்பு. நேற்று அலெக்சாண்டர் என்று உங்கள் அதிகாரி, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் கம்ப்யூட்டர் தாளோடு வந்தார். கால்வாய் என்னாயிற்று என்று கேட்டால், "உங்க கடையில எப்பவும் நாலரை இஞ்ச்தான் லா அங்கிள், இது ஃப்ளட்டே இல்ல" என்கிறார். என் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டைக் காட்டினேன். "சுவர் கம்ப்யூட்டர்ல இல்ல அங்கிள்" என்கிறார். பிறகு நீ இங்கிலீஷில் எழுதிய குறிப்பை அவரே படித்துச் சொன்னார்: ஒன்றரை அடி முழத்தில் கால் பங்கு, நாலரை இஞ்ச். அடப் பாவி, முழங்கால் என்றால் கால் முழமா? உனக்கே இரண்டு இருக்கிறதே, உட்காரும்போது மடங்குகிறதே, அதை என்னவென்று நினைத்தாய்? தமிழ் வகுப்பில் நீ தூங்கியதற்கு என் சிமெண்டா கிடைத்தது? வெள்ளம் ஏறும் புக்கிட் பாஞ்சாங் பக்கத்தில் இன்னும் எத்தனை பேருடைய முழங்காலை வெட்டி வைத்திருக்கிறாயோ. தப்பை மெஷினுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, நனைந்தவனிடமே வந்து நீ நனையவில்லை என்கிறீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"உங்க மருமகன் சரின்னு சொன்னா திருத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன்னிடம் கேட்பார். முழங்கால் முழங்கால்தான் என்று சொல்லி உடனே திருத்து. இல்லாவிட்டால் என் வாசற்படி ஏறாதே.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் தமிழும் தரட்டும்.

மாமா,
காதர் மைதீன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன். அலெக்சாண்டர் மறுபடி வந்தார். ஓரடிக்கு மேல் தண்ணீர் ஏறும் இடங்களில், கால்வாயை அகலமாக்கக் கடைகளையே இடிக்கிறார்களாம்; எங்களுக்குத் தீவின் மறுகோடியில், ஈசூனில் இடமாம். அங்கே என்னை யாருக்குத் தெரியும்? மருமகனே, ஒன்றையும் திருத்தாதே. கேட்டால் கால் முழம் என்றே சாதி. உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போடு. "கணுக்கால்னு எழுதச் சொல்லுங்க" என்கிறாள் மாமி. நான் வேண்டாம் என்றுவிட்டேன். அதை நீ எதில் கால் என்று எடுத்துக்கொள்வாயோ.