பேரரசன் படுத்துக் கிடக்கிறார்

"செத்த மீனைக் காட்டவா டிக்கெட் போடறீங்க?" என்று ஒருவர் சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகுதான் மீன் காட்சிசாலையின் இயக்குநர் தன் அறையை விட்டு வெளியே வந்தார்.

பெரிய தொட்டியின் அடியில், மணலில் வயிற்றை வைத்துச் சுறா படுத்திருந்தது. முதுகுத் துடுப்பின் நுனியிலும் வாலின் நுனியிலும் வெள்ளை. மற்றதெல்லாம் சிமென்ட் நிறம். பவளப்பாறைகளில் வாழும் இந்த இனம் பகலெல்லாம் பொந்தில் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகே இரை தேடக் கிளம்பும். ஆனால் கண்ணாடிக்கு மேலே 'ஆழ்கடலின் கொடுங்கோல் பேரரசன்' என்று இயக்குநர் எழுதி வைத்திருந்தார். அது பெண் என்பதை அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

"என்னய்யா இது, இப்படி விழுந்து கெடக்கு?"

"பகல்ல அப்படித்தாங்க சார். படுத்துக்கிட்டே மூச்சு விடும். வாயப் பாருங்க, அசையுது" என்றார் தொட்டிக்காரர். தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணாடி துடைப்பதும் இரை போடுவதும் அவர் வேலை.

"வாய் அசையறதப் பார்க்கவா ஜனங்க வராங்க? அதுக்கு என் மாமனார் வீட்டுக்கே போகலாமே!" இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை ஒரு தொழிலதிபர் வர்றாரு. இந்தக் காட்சிசாலையை வாங்கற யோசனையாம். அவர் கைவிட்டா இழுத்து மூட வேண்டியதுதான். நீ போவ, கவுன்டர்ல இருக்கற உன் சம்சாரம் போவாங்க, இதுவும் போகும்."

"இது எங்க சார் போகும்?"

"மீனெல்லாம் எங்க போகும்?"

தொட்டிக்காரர் மீன் மார்க்கெட் இருக்கும் திசையைப் பார்த்தார்.

அன்று மாலையே ஒரு பலகை தொங்கியது: 'சுறா உயிருடன் உள்ளது.' அதுவரை சந்தேகமே படாதவர்களும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். "உயிரோட இருந்தா எதுக்குங்க போர்டு?" என்று கேட்டு ஒரு குடும்பமே காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது.

"இருட்டினாத்தானே எழுந்திருக்கும்? பகலை ராத்திரியாக்கிடலாம்" என்று தொட்டிக்காரரே யோசனை சொன்னார். விளக்குகளை அணைத்து, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். சுறா எழுந்தது. அப்படி ஒரு நீச்சலை அந்தத் தொட்டி கண்டதில்லை, மற்றவர்களும் காணவில்லை. இருட்டில் ஒருவர் இன்னொருவரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் நடந்துவிட, கைகலப்பாகிவிட்டது. விளக்கைப் போட்டதும் சுறா படுத்துக்கொண்டது.

"அதை ஒரு ரவுண்டு சுத்தச் சொல்லத் தெரியல உங்களுக்கு. நான் சொன்னா நீங்க சுத்தறீங்கல்ல?" என்றாள் தொட்டிக்காரரின் மனைவி, கவுன்டரை மூடிக்கொண்டே.

"பாவம்டி, தூங்குது."

"தூங்கட்டும். அடுத்த மாசம் நாமளும் சேர்ந்து தூங்கலாம், பிளாட்பாரத்துல."

மறுநாள் அவர் குச்சியோடு இறங்கினார். தண்ணீருக்குள் தன் மூச்சுக் குமிழிகளின் சத்தம் மட்டும்தான். மேலே இருக்கும் வாடகை, இயக்குநர், வெள்ளிக்கிழமை எதற்கும் கீழே குரல் கிடையாது. சுறாவின் பக்கத்தில் மண்டியிட்டார். கீறல் போன்ற கருவிழி அவரைப் பார்த்தது. செவுள்கள் நிதானமாகத் திறந்து மூடின. மனசுக்குள் 'அக்கா' என்று கூப்பிடுவது அவர் வழக்கம். 'மன்னிச்சுக்க அக்கா' என்று லேசாகத் தட்டினார். அக்கா எழுந்து, அரை வட்டம் அடித்து, அவர் முழங்காலை ஒட்டி வந்து மறுபடி படுத்துக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கொதித்தது. "தூங்கற ஜீவனைக் குச்சியால குத்தறான் பாரு!"

இயக்குநர் முடிவுக்கு வந்தார். "இனி அது உன்னைத் துரத்தணும். இன்னிக்கிலிருந்து இரை கிடையாது. வெள்ளிக்கிழமை உன் இடுப்புல மீனைக் கட்டிக்க. நீ பயந்து அலறிக்கிட்டு ஓடு."

"தண்ணிக்குள்ள எப்படி சார் அலறறது?"

"கையக் காலை உதறுய்யா. அதுவே அலறல் மாதிரிதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை தொட்டிக்குச் சிவப்பு விளக்கு. கண்ணாடியோடு ஒட்டி வைத்த ஒலிபெருக்கிகளில் முரசொலி. தொழிலதிபர் வந்தார். ஒல்லியான, களைத்துப்போன மனிதர். வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இந்தச் சத்தம்..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு கம்பீரத்துக்காகங்க!" என்று முரசை இன்னும் கூட்டினார் இயக்குநர்.

முரசொலியில் தண்ணீரே நடுங்கியது. தொட்டிக்காரர் இறங்கியதும் பட்டினி கிடந்த சுறா அம்பு மாதிரி வந்தது. மீனைக் கவ்வியபோது இடுப்புவாரும் சேர்ந்து வந்தது. வாலடியில் அவருடைய நீச்சல் கண்ணாடி பறந்தது. சிவப்பு ஒளியில் பற்கள் தெரிய, சுறா கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி, தொழிலதிபரின் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை மோதியது. தொட்டிக்காரர் கை கால்களை உதறினார். அதில் நடிப்பே இல்லை.

தொழிலதிபர் வெளிறிப்போய் எழுந்தார். "வேண்டாம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு வாசலை நோக்கி நடந்துவிட்டார்.

ஈரம் சொட்ட மேலே வந்த தொட்டிக்காரரின் தோளில் மனைவி துண்டைப் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கொடூரமா இருந்திருந்தா கவுந்திருப்பாரு" என்று இயக்குநர் முணுமுணுத்தார். "உன் அலறல்ல உயிரே இல்லய்யா."

முரசை நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கை அணைத்தார்கள். சுறா மூக்கில் ரத்தக் கீறலோடு மெல்ல இறங்கி, மணலில் படுத்தது.

அப்போது தொழிலதிபரின் டிரைவர் அவசரமாகத் திரும்பி வந்தார். பெஞ்சின் ஓரத்தில் கிடந்த ஒரு சின்னத் தலையணையை எடுத்துத் தூசி தட்டினார். தொட்டிக்குள் பார்த்ததும் அவர் கால்கள் நின்றுவிட்டன.

"அட, இப்பப் படுத்து என்ன பிரயோஜனம்? வருஷக்கணக்கா தூக்கமே வராத எங்க ஐயா, போன மாசம் சும்மா டிக்கெட் வாங்கி உள்ள வந்தவரு, இது அசையாம கெடக்கறதப் பார்த்துக்கிட்டே இந்த பெஞ்சுல குறட்டை விட்டுத் தூங்கினாரு. அதுக்காகத்தாங்க இந்த இடத்தையே வாங்க வந்தோம்!"