ஜாதகத்தின் பின்பக்கம்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில், பேய்க்கதை எழுதவே பிறந்தவள் என்று என்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தேன். (சுவரில் பல்லி நகர்ந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆள்தான்.)

தொண்ணூறுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் இண்டர்நெட்டில் எழுதிப்போடும் பேய்க்கதைகளை, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் பேய்க்கே வயதாகிவிடும். அவர்களிடம் இரண்டு பாடம் படித்தேன். பயம் சுடுகாட்டில் இருக்கக் கூடாது, வீட்டுக்குள் இருக்க வேண்டும். வாசகருக்குப் பிடித்த ஆளைச் சீக்கிரம் சாகடிக்கக் கூடாது. அதை வைத்து எனக்குத் தோன்றிய யோசனைகளையெல்லாம் ஒரு நீள நோட்டில் கிறுக்கிவைப்பேன்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாப்பிள்ளையின் போட்டோ எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என் ஜாதகத்தைப் பிரதி எடுத்துத் தரும்படி அப்பா சொன்னார். சென்டருக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, கட்டம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். அப்பா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்து, பஸ் ஏறிப் போய், பயபக்தியோடு கொடுத்துவிட்டு வந்தார். பின்பக்கத்தை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும் வந்து இறங்கினார்கள். அம்மா கொடுத்த காபியை மூன்று பேருமே தொடவில்லை.

"ஒம்பது பொருத்தம் இருக்கு, சந்தோசம். பின்பக்கத்தச் செத்த வாசிக்கியளா?" என்று ஏட்டையா தாளை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வாசித்தார். (மனசுக்குள் வாசித்துப் பழக்கமில்லாத மனிதர்.)

"புது மருமகள். வீட்டில் ஆள் குறைந்துகொண்டே வர வேண்டும். முதலில் மாமனார். பேண்டேஜ் துணியே கழுத்தைச் சுற்றிக்கொள்ளும், வேலை சுலபம். மாமியாரை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. கணவனுக்குக் கடைசிவரை சந்தேகமே வரக் கூடாது."

"எம்புட்டோ கேஸ் பாத்துட்டேன்," என்றார் ஏட்டையா. "சம்பவத்துக்கு முன்னாடியே எழுதி, மஞ்சளும் தடவிக் குடுத்த ஆள இப்பத்தான் பாக்கேன்."

"கதை மாமா... இண்டர்நெட்டுல படிச்சு..." என்று உளறினேன்.

"ஏட்டி, கம்ப்யூட்டர் கிளாஸ்ல இதத்தான் சொல்லிக் குடுக்காவளா?" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேய்க்கதை போனால் போகட்டும், இந்த மாப்பிள்ளை போய்விடக் கூடாதே! நேரில் போட்டோவைவிட நன்றாக வேறு இருந்தார்.

அப்போதுதான் அவர் அம்மா வாயைத் திறந்தார். "அவியள மொதல்லயே முடிச்சிட்ட, சரி. என்னய மட்டும் எதுக்கு அவசரப்படாம?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். "வாசிக்கிறவங்களுக்குப் பிடிச்ச ஆளச் சீக்கிரம் கொல்லக் கூடாது அத்தை. இண்டர்நெட்டுல எல்லாரும் அப்படித்தான் எழுதுதாவ."

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டியளா? இத்தன வருசத்துல ஒங்க வீட்டாளுக ஒருத்தராவது என்னயப் பிடிக்கும்னு சொல்லிருக்கியளா? இந்தப் பிள்ள ஆளப் பாக்காமலே எழுதிருக்கு!"

ஏட்டையா மகனைப் பார்த்தார். "ஏலே, நீ என்ன சொல்லுத?"

"எனக்குச் சந்தேகம் எதும் வரலப்பா," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார் அவர். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கதையிலும் எழுத வரவில்லை.

தையில் கல்யாணம். அந்தப் பேய்க்கதையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மாமா மட்டும் அதை விடுவதாக இல்லை. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாரைப் பார்த்தாலும், "நான் இவளுக்கு மாமனாரு. மொதப் பக்கத்துலயே செத்துட்டேன். மாமியாக்காரி இன்னும் இருக்கா, அந்தா பந்தியில உக்காந்திருக்கா பாருங்க" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.