கற்பூரம் கண்ட லொறி

முப்பது வயதைத் தாண்டிய ஆண் தன் பொழுதுபோக்கைப் பற்றி உண்மை பேசக் கூடாத இடம் ஒன்று இருக்குமானால், அது பெண் வீட்டு விறாந்தை. நான் அங்கேதான் பேசினேன்.

கொட்டாஞ்சேனையில் வாசுகியின் அப்பா எனக்கு எதிரே இருந்து, "வேலை முடிஞ்சு வந்து பின்னேரத்திலை என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார்.

"மாதிரி லொறி செய்யிறனான், அங்கிள்" என்றேன். இரண்டு கைகளாலும் அளவையும் காட்டினேன். (இதைச் செய்யாமல் விட்டிருக்கலாம்.)

அவரோ கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சொந்த லொறி ஓட்டியே ஆயுளில் பாதியைக் கழித்தவர். என் கைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு தேநீர்க் கோப்பையை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் வாசுகி தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. கலியாணம் கட்டுற வயசிலை விளையாட்டுச் சாமானோ எண்டு மட்டும் கேட்டவர்."

புத்தியுள்ளவன் என்றால் லொறிகளை எல்லாம் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பின்னேரங்களில் பட்மின்டன் ஆடுவதாகச் செய்தி அனுப்பியிருப்பான். நான் அவருடைய லொறியையே செய்து கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். ஆளை அசத்திவிடலாம் என்ற நினைப்பு.

வாசுகி ஒரு பழைய படம் அனுப்பினாள். பம்பரில் ஒரு காலை வைத்தபடி மீசை முறுக்கிய இளம் அங்கிள். அவருக்குப் பின்னால் அந்த லொறி. நீண்ட மூக்கு, முழித்த லைட்டுகள், பலகை அடித்த பெட்டி, நெற்றியில் 'முருகன் துணை'. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க எனக்கு உண்மையாகவே பயபக்தி வந்துவிட்டது. வேறு சொல் இல்லை.

அப்படி ஒரு லொறி, பொருத்திச் செய்யும் துண்டுகளாக எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. என்னிடம் இருந்தது சப்பை மூஞ்சி வெளிநாட்டு லொறி. அதன் முகத்தை அறுத்து எறிந்துவிட்டு, ஸ்டைரீன் தகட்டில் புது முகம் கட்ட வேண்டும். ஸ்டைரீன் என்பது வெள்ளைவெளேரென்று இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக். கிராண்ட்பாஸில் விளம்பரப் பலகை செய்யும் கடையில் துண்டு துண்டாகக் கிடைக்கும். "மொகடத மல்லி?" என்று கடைக்காரர் சிங்களத்தில் விசாரித்தார், எதற்கு என்று. லொறி செய்ய என்றேன். என் கையிலிருந்த துண்டையும் என்னையும் பார்த்துவிட்டு, காசை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஸ்டைரீனை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். கத்தியால் ஒரு கீறல் போட்டு மடக்கினால் 'டிக்' என்று நேர்கோட்டில் பிரியும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் போன்ற அந்தப் பசையை ஓரத்தில் தொட்டால் போதும். பசை தானாகவே இடுக்கு வழியே ஓடி, இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். மட்கார்ட்டுக்கு வளைவு வேண்டுமானால் மெழுகுதிரிச் சூட்டில் காட்டி வளைக்கலாம். கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் உருகிப்போகும். (இந்த வரியை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.)

லொறி முடிந்தது. கேக் பெட்டியில் வைத்து, திரீவீலரில் மடிமேல் ஏந்திக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வாசுகி வாசலிலேயே மறித்து எச்சரித்தாள்: "அப்பா ஏதும் கேட்டால் மறுமொழி சொல்லுங்கோ. அம்மா என்ன சொன்னாலும் ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ."

பெட்டியைத் திறந்தேன். அங்கிள் மேசைக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி வழியே கெபினுக்குள் பார்த்தார். ஸ்டியரிங், சீற், கியர் தடி, எல்லாம் வைத்திருந்தேன். அவருடைய சின்னவிரல் ஜன்னல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி வந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்ன ஜன்னலுக்கு முன்னால் அப்படி இருந்தார்.

அந்த நேரம் பார்த்து அன்ரி குசினியிலிருந்து வந்தார். "புது வாகனம் வீட்டுக்கு வந்திருக்கு. சும்மா வைக்கேலாது. ஒரு பூசை செய்வம், என்ன தம்பி?"

"ஓம் அன்ரி."

சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வந்தன. தேங்காய் உடைத்து, தண்ணீரைச் செம்பில் பிடித்தார்கள். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கப் பார்த்தால் தேசிக்காய் சில்லளவு பெரிதாக இருந்தது. அன்ரி விடவில்லை. "உருட்டுங்கோ தம்பி." உருட்டினேன். லொறி முன்சில்லுகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. "முதலாம் கியரிலை போம்" என்றார் அங்கிள், சிரிக்காமல்.

அடுத்தது கற்பூரம். "காட்டுவமே தம்பி?"

எனக்குத் தெரியும். அந்த வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில், சாமி காரியத்தில், கற்பூரம் வேண்டாம் என்று எந்த மாப்பிள்ளையால் வாய் திறந்து சொல்ல முடியும்? "ஓம் அன்ரி" என்றேன்.

அன்ரி தட்டைச் சுற்றிக் காட்டினார். அதுவரைக்கும் பிழையில்லை. பிறகு தட்டை லொறியின் மூக்கடியில் வைத்துவிட்டுக் கைகூப்பிக் கண்களை மூடினார். எல்லாரும் மூடினோம். மூடாமல் நின்றால் அதற்கும் ஒரு கதை வரும். முருகா, எப்படியாவது அங்கிள் ஓமெண்டு சொல்ல வேண்டும் என்று நான் உருகிக் கும்பிட்டேன்.

உருகியது நான் மட்டுமில்லை என்று மணம் சொன்னது. கண்ணைத் திறந்தேன். பொனட் மெல்ல மெல்லக் குனிந்துகொண்டிருந்தது. முழித்த லைட்டுகள் இரண்டும் நிலத்தைப் பார்த்தன. கெபின் கூரை இறங்க, 'முருகன் துணை' சிரிக்கிற வாய் மாதிரி வளைந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழகாக இருந்தது. அணைக்க வேண்டியவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்து நின்றேன்.

"முருகன் தலை குனிஞ்சு பூசையை ஏத்துக்கொண்டிட்டான்" என்று அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அங்கிள்தான் செம்போடு தேங்காய்த் தண்ணீரை எடுத்து ஊற்றினார். 'சுர்' என்றது. கரித்துகள்கள் மிதந்துவந்து அன்ரியின் வெள்ளை மேசை விரிப்பில் இறங்கின.

"இது உருகுமெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் அங்கிள்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அன்ரி கேட்டவ. ஓமெண்டிட்டன்."

அவர் செம்பை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இனி வெள்ளவத்தைக்குப் போகிற வழியைத்தான் காட்டப்போகிறார் என்று கேக் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"திருத்தேலுமோ?" என்று கேட்டார்.

ஏலும் என்றேன். உருகினதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பொருத்தலாம், பசை பழசையும் புதுசையும் கரைத்துச் சேர்த்துவிடும், தேய்த்துப் பெயின்ட் அடித்தால் பொருத்தின இடமே தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அங்கிள் விரலால் லொறியின் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார். "இதிலை வெட்டும். நல்ல தகட்டிலை கை வைக்காதையும். எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"மூண்டு மாசமெண்டாலும் வேணும், அங்கிள்."

"கலியாணத்துக்கு முந்தி முடிச்சுப் போடுவீரோ?"

வாசுகி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்திருந்தது ஒரே ஒரு சொல்தான்.

"ஓம் அங்கிள்" என்றேன்.

லொறி இன்று மாமா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது. பொருத்தின இடம் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் வாகனம் வாங்கினாலும், கற்பூரம் கொளுத்த முதல் மாமி வந்து பொனட்டில் விரலால் தட்டிப் பார்ப்பார். போன மாதம் நாங்கள் கார் வாங்கினபோதும் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இந்த முறை உண்மையைச் சொல்லுங்கோ. இது உருகுமோ?" என்றார்.

"பொனட் இரும்பு, மாமி. பம்பர் மட்டும் பிளாஸ்டிக்."

மாமி வீதியின் மறுகரையில் நின்று கற்பூரம் காட்டினார்.