நான்கு சிறகு வண்டும் இரண்டு துணிக் கிளிப்பும்

மதிப்புக்குரிய இதழாசிரியர் எல்கானா பெரேஸ் அவர்களுக்கு,

தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அகழாய்வுக் குழுவில் எல்லாரும் நலம். என் மகள் தாஃப்னாவுக்கு மட்டும் நேற்று உடம்புச் சூடு முப்பத்தேழரை டிகிரி செல்சியஸ் இருந்தது, இன்று முப்பத்தேழு, இருந்தாலும் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். என் கட்டுரையின் திருத்திய மெய்ப்பு ஞாயிறே வந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இன்று புதன். மெய்ப்பு வராது. கட்டுரையையே நிறுத்திவிடுங்கள்.

நாங்கள் தோண்டியெடுத்த ஜாடிக் கைப்பிடியில் நான்கு சிறகு வண்டு முத்திரை, மேலே ‘அரசனுக்கு’, கீழே ‘எப்ரோன்’ என்று ஊர்ப்பெயர். இந்த முத்திரையெல்லாம் யூதாவின் எசேக்கியா ராஜா காலம், அசீரியப் படை வருமுன் அரண்மனை எண்ணெயும் ஒயினும் நிரப்பிய ஜாடிகள், அந்தப் படை அழித்த கீழ் அடுக்கோடு முடிந்தன என்பார்கள். எங்களுடையதோ நூறு வருஷத்துக்கு மேல் பிந்தி, பாபிலோன்காரன் கொளுத்திய மேல் அடுக்கில் கிடைத்தது, ஆகவே அதுவரை ஜாடிகள் புழங்கின என்று வாதாடியிருந்தேன். அந்த ஒரு கைப்பிடியை நம்பித்தான் கட்டுரை, கட்டுரையை நம்பித்தான் என் பல்கலைக்கழக வேலை.

கைப்பிடி கிடைத்த அன்று பாலர் பள்ளியில் யாருக்கோ அம்மை என்றார்கள், தாஃப்னாவைக் கூடவே கூட்டிவந்தேன், வெயில் படக்கூடாதென்று பானை ஓடு கழுவும் பந்தலில் உட்காரவைத்தேன், அங்கேதான் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று எழுதி வாளிக்கு வாளி நான் துணிக் கிளிப்பால் குத்திய அட்டைகள் இருந்தன. எங்கள் குழுவில் உடைந்த பானை ஒட்டும் ரஹமிம் நேற்றுதான் காபியை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்:

“அன்னிக்கு உன் பொண்ணு அந்த வண்டு வாளி அட்டையையும் பக்கத்து வாளி அட்டையையும் மாத்திக் குத்துனாளே!”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சின்னக் கை, அழகாக் குத்துனா. அசீரியாக்காரனையும் பாபிலோன்காரனையும் ஒரே நிமிஷத்துல இடம் மாத்துனது இவ ஒருத்திதான்மா!”

வீட்டுக்கு ஓடி அவளையே கேட்டேன்.

“கண்ணு, எந்த வாளிம்மா?”

“பச்சை வாளி.”

எங்களிடம் இருப்பதெல்லாம் கறுப்பு வாளி.

ஆக, கைப்பிடி கீழ் அடுக்குதான், ஊர் சொன்னதே சரி. பொறுத்தருளுங்கள். வரும் ஓய்வுநாளில் தங்கள் வீட்டில் நல்ல ரொட்டியும் அமைதியும் நிறையட்டும்.

பணிவுடன்,
தீர்த்சா அல்காலாய்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், ரஹமிம் போன் செய்தார். எரிந்த உத்தரத்துக்கு அடியில், மேல் அடுக்கில் நின்ற ஜாடியோடு கைப்பிடி உடைப்புக்கு உடைப்பு பொருந்திவிட்டதாம். கட்டுரை சரி, அச்சிடுங்கள். தாஃப்னா மாற்றியதும் சரி. அப்படியானால் முதலில் தப்பாகக் குத்தியது நான். அன்று மொத்தம் நாற்பது வாளிக்குக் குத்தினேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.