தேவார வகுப்புக்குப் போன குடிகாரன்

குடியை விட்டுவிட்டேன் என்று என் மனைவி கமலாவிடம் ஏழு முறை சொல்லியிருக்கிறேன். ஏழும் பொய். எட்டாவது முறை உண்மையிலேயே விட ஆரம்பித்தபோது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. (எனக்கே நம்பிக்கையில்லை, அவள் எப்படி நம்புவாள்?) ஆறு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கோலா கெத்திலில் வீடு, பலகைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. "இன்னொரு தடவ வாடையோட வந்தா அப்படியே வீட்டுக்குப் போயிரு லா" என்று சூப்பர்வைசர் சொன்ன வாரம், கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தேன். குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சுங்கை பட்டாணியில் ஒரு டயர் கடை மாடியில் கூடுகிறார்களாம்.

முதல் ஞாயிறு அந்தக் கடையை மோட்டாரில் நான்கு முறை சுற்றினேன். நான்காவது சுற்றில் டயர் கடைக்காரரே பொறுமை இழந்து, "அண்ணே, மாடிக்குத்தானே? படி அந்தப் பக்கம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இத்தனைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட், முகமூடி எல்லாம் போட்டிருந்தேன்.

மேலே பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் பிலிப் அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒவ்வொருவராக எழுந்து கைகூப்பி, "வணக்கம், நான் ஒரு குடிகாரன்" என்று பெயரோடு சொல்ல, மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணங்கினார்கள். என் முறை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சொல்லி முடித்தேன். "வணக்கம் செல்வம்!" என்று பத்துக் குரல்கள் ஒன்றாக எழுந்தன. என் பெயரை யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன்.

மூன்றாவது ஞாயிறு கமலா வாசலில் மறித்தாள். "ஏங்க, வாராவாரம் குளிச்சு, சட்டைய அயன் பண்ணிப் போட்டுக்கிட்டு எங்க போறீங்க?"

கோயில் ஒலிபெருக்கியில் அந்நேரம் தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. "தேவார வகுப்பு" என்று சொல்லிவிட்டேன். கமலா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள், வழிவிட்டாள். எங்களோடு இருந்த மாமியார் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தச் செய்தி தெரியாத வீடு இல்லை.

நான் குடியை விட்டு நான்கு மாதத்தில் கோயில் திருவிழா. பிலிப் அண்ணனையும் மாடிக் கூட்டத்து நண்பர்கள் இரண்டு பேரையும் அன்னதானத்துக்கு அழைத்திருந்தேன். சாப்பாடு மணம் மூக்கைத் துளைத்த நேரத்தில் கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, நம்ம செல்வம் தேவாரம் பாடுவார்!"

மாமியார் முன்வரிசையில் பூரிப்போடு உட்கார்ந்திருந்தார். பெயர் கொடுத்தது யார் என்று புரிந்தது. (எனக்குத் தெரிந்த ஒரே ராகம் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி நகரும்போது வரும் பீப் பீப்.)

இரண்டு பேர் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்தினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. கைகள் தாமாகக் குவிந்தன. வாயும் பழகிய பாதையில் போய்விட்டது.

"வணக்கம். என் பெயர் செல்வம். நான் ஒரு குடிகாரன்."

நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைப்பதை நிறுத்தினார். அந்த அமைதியில், பின்வரிசையிலிருந்து மூன்று குரல்கள் கணீரென்று எழுந்தன. "வணக்கம் செல்வம்!"

அவர்களுக்கும் பழக்கதோஷம். பிலிப் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இனி மறைத்து என்ன? "குடிச்சு நூத்தி இருவது நாள் ஆச்சு. வகுப்புன்னு சொன்னது பொய். மன்னிச்சிருங்க" என்றேன்.

"அப்ப பாட மாட்டாரா?" என்று மாமியார் சத்தமாகக் கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கமலா எழுந்து வந்தாள். மானம் போன ஆத்திரத்தில் அறையப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மைக்கை வாங்கினாள்.

"எனக்கு எப்பவோ தெரியும். வகுப்புக்குப் போற மனுஷன் வீட்டுல ஒரு வரி முணுமுணுக்கல. ஆனா வாடையும் வரல. எனக்கு அது போதும்னு நானும் கேக்கல." பிறகு தலைவரிடம் திரும்பினாள். "பாட்டு வேணாம் தலைவரே, சாப்பாடு போடுங்க."

யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. கோயிலே அதிர்ந்தது. அன்று பந்தியில் கமலா எனக்குப் பரிமாறிய பாயசத்தில் பாதி என் சட்டையில்தான் விழுந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு கோயிலில் எனக்கு மைக் கிடையாது. தலைவர் யோசித்து வேறொரு பொறுப்பு கொடுத்தார். ஆண்டுதோறும் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் என்னுடையது. காலையிலிருந்து ரோஸ் சிராப்பும் மோரும் கலக்கி ஊற்றுகிறேன். அந்த நாளில் யார் என்னைத் தேடி வீட்டுக்குப் போன் செய்தாலும், எடுப்பது என் மகள்தான். வருஷம் தவறாமல் ஒரே பதில்.

"அப்பாவா? காலையிலேர்ந்து தண்ணியிலதான் இருக்காங்க!"